வேலி போட்ட ஊமத்தை

ஊமத்தைச் செடிக்கு வேலி போட்ட மனிதர் ஒருவரை நான் அறிவேன். எங்கள் பக்கத்து ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஊமத்தை குப்பைமேட்டில் கேட்பாரற்று முளைப்பது. மழை பொய்த்த வருஷத்தில் கரிசல் காடெல்லாம் வெடித்துக் கிடக்கும்போதும் அது மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று நகர்ந்துவிடும். அப்பேர்ப்பட்ட செடிக்குப் பாத்தி கட்டி, எருப் போட்டு, காலண்டருக்கு அடிக்கிற தகரப் பட்டைகளைக் கம்பியில் கோத்துச் சுற்றிலும் வேலியும் அடைத்திருந்தார் அண்ணாச்சி.

"ஆடே வாய் வைக்காது, எதுக்கு அண்ணாச்சி வேலி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"கண்டவுக கை பட்டா வீரியம் போயிரும் தாயி," என்றார். அதற்கு மேல் கேட்டால் நான் கண்டவுக கணக்கில் சேர்ந்துவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வர திருத்தங்கலில் இன்னமும் ஆள் உண்டு. அவரிடம் இலை வாங்கிப் பிழைத்தவர்கள் என்று தங்களை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. ஒரு காம்பவுண்டுக்குள் ஆறு வீடு, ஆறு வீட்டுக்கும் ஒரே குழாய். முதல் வீடு எங்களுடையது, கடைசி வீடு அண்ணாச்சியுடையது. நான் ஒரு பிரஸ்ஸில் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தார். காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்தைப் போட்டு அடைப்பது அவர் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பவுடர் படிந்து, முழங்கை வரைக்கும் வெள்ளிக் காப்புப் போட்ட சாமி மாதிரி இருப்பார். அதே கம்பெனியில்தான் அண்ணாச்சி போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். அன்றைக்கு யாருக்கும் யாரும் உறவு கிடையாது. குடம், அண்டா, வாளி, குழந்தையின் பால் டம்ளர் வரைக்கும் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அண்ணாச்சி தன் முறை வந்ததும் முதல் இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போவார். தண்ணீரே இல்லாமல் வளர்கிற செடிக்குக் குடிதண்ணீர்! மதினி, அதாவது அவர் சம்சாரம், குழாயடியிலேயே நின்று எங்களைப் பார்த்துச் சொல்வாள்:

"நான் குளிச்சு நாலு நாளாச்சு. அந்தக் கிறுக்குச் செடிக்கு இன்னிக்குத் தீர்த்தவாரி."

ஊமத்தையிலும் சாதாரண ஊமத்தை இல்லை அவருடையது. தண்டும் பூவும் கத்திரிக்காய் நிறத்தில் இருக்கிற கருஊமத்தை. விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பொறுத்து பதில் வரும். பக்திமானாக இருந்தால் மலையடிவாரத்தில் ஒரு சாமியார் மடியில் கட்டிவிட்டுப் போனது. படித்தவராக இருந்தால் மதுரையில் ஒரு பெரிய வைத்தியர் கொடுத்தது. என்னைப் போல் ஏழெட்டு வருஷம் பார்த்தவளாக இருந்தால், "அதெல்லாம் எதுக்கு தாயி." மதினி சொன்ன வரலாறு சுருக்கமானது. ஆமத்தூர் பக்கம் ஒரு துஷ்டிக்குப் போனபோது சுடுகாட்டுப் பாதையில் பிடுங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தாராம்.

பிரதோஷத்துக்குப் பூவைப் பறித்துக்கொண்டு சிவன் கோயிலுக்குப் போவார். மூட்டு வீக்கத்துக்கு இலையை எண்ணெயில் வதக்கிக் கட்டச் சொல்வார். தலையில் பேன் என்றால் சாறு. கட்டிக்குப் பற்று. இளைப்புக்குக் காய்ந்த இலையின் புகை. பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும் இருக்கிற ஊரில் இளைப்புக்காரர்களுக்கா பஞ்சம்? ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாசலில் பத்துப் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலணா வாங்கமாட்டார். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம், போகிறவர் வாசலில் நின்று ஒருமுறை, "அண்ணாச்சி கைராசியே ராசி" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லாமல் போனவர்களை அவர் மறந்ததே இல்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அண்ணாச்சி அதுவரை ஒருவரையும் கொன்றதில்லை. ஆகவே கால் வைத்தியர் என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன்.

இலையைப் பொட்டலம் கட்டக் காகிதம் கொடுத்தது நான்தான் என்பதையும் மறைக்கவேண்டாம். பிரஸ்ஸில் கலர் விலகிப் பாழான காலண்டர் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். நாலு கண்ணோடு முருகன், இரண்டு மூக்கோடு லட்சுமி. அதில்தான் மடித்துக் கொடுப்பார். சாமி படம் போட்ட பொட்டலத்தை எவன் குப்பையில் எறிவான்? வாங்கிப் போனவர்கள் மருந்தைப் பயன்படுத்தாவிட்டாலும் பூஜை மாடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். வைத்தியத்தில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் இதே மனிதர் கம்பெனியில் இருந்தவரைக்கும் அளவுக்குப் பெயர் போனவர். ஒரு சிட்டிகை கூடினாலும் கலவையைக் கொட்டச் சொல்லிவிடுவாராம். அவர் காலத்தில் அங்கே ஒரு பொறி பறந்ததில்லை. ஆனால் வீட்டில் தராசு என்கிற பேச்சே கிடையாது. "ஒரு கை எடுத்துக்கோ" என்பார், அவ்வளவுதான். மதினிக்குத் தலைவலி வந்தால் அவள் சத்தமில்லாமல் பஸ் ஏறி சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். "எங்க வீட்டு வைத்தியம் ஊருக்குத்தான்," என்பாள்.

அவரைப் பற்றி நான் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. அவருக்குச் செடி மேல் ஆசை என்று ஊர் நினைத்தது. அது இல்லை. வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு வராது. தெரியாது என்கிற வார்த்தை அவர் வாயில் நுழையாது.

ஒருமுறை மோட்டார் சைக்கிளில் ஒருவன் வந்து, ஆமத்தூரில் இன்னாருடைய வீடு எது என்று கேட்டான். அண்ணாச்சிக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளையார் கோயில், பெட்டிக்கடை, இரண்டாவது சந்து என்று விலாவாரியாகச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவன் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தான். சண்டை வரும் என்று நான் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி அவனை உட்காரவைத்து, மோர் கொடுத்து, இன்னொரு தப்பான வழியையும் சொன்னார். அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

"தெரியாதுன்னு சொன்னா என்ன அண்ணாச்சி?"

"அம்புட்டுத் தூரம் வந்திருக்கான். மொகம் வாடிருமே தாயி."

என் வீட்டுக்காரருக்கு இளைப்பு ஆரம்பித்தபோது நான் அவரை அண்ணாச்சியிடம் அனுப்பவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தூசி வேலையை விட்டால்தான் தீரும் என்றார். விட்டுவிட்டு எதைத் தின்பது என்பதற்கு அவரிடம் மாத்திரை இல்லை. வேறு ஏதோ மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார். வீட்டில் வாடகை, வயசுக்கு வரப்போகிற மகள், அடுத்த வருஷம் அவளுக்குப் பெரிய பள்ளிக்கூடம். இவர் தானாகவே ஒரு நாள் கடைசி வீட்டுக்குப் போய், நாலு கண் முருகன் பொட்டலத்தோடு வந்தார்.

பொய் சொல்லக்கூடாது, இளைப்பு அந்தப் புகைக்குக் கேட்டது. ஒரு மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியவர் அன்றைக்குப் பாயில் படுத்துத் தூங்கினார். மறுநாள் காலையில் நானே குழாயடியில் நின்று, "அண்ணாச்சி கைராசியே ராசி" என்று சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. அதிகப்படியாக ஒரு குடம் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

தீபாவளி சீசன் நெருங்கியது. கம்பெனியில் ஆர்டர் குவிந்தது, காலையில் இருட்டோடு வேன் வந்துவிடும். இவருக்கோ விடியற்காலையில்தான் இளைப்பு அதிகம். புதுப் போர்மேன் காதில் அந்த இழுப்புச் சத்தம் விழுந்தால் சீசன் முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிடுவார். காலையில் புகை பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பட்டாசுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உடம்பெல்லாம் தடவிப் பார்ப்பார், வாயையும் முகர்ந்து பார்ப்பார். பீடியும் தீப்பெட்டியும் அங்கே கொலைக்குச் சமம். புகை வாடை அடித்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து ஒரு பீடி தொட்டவர் இல்லை. தீப்பெட்டி விஷயத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பதற்குக்கூட ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தவர்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பொகை வாடை வந்தா கேட்ல விடமாட்டாக அண்ணாச்சி. வேற வழி எதுவும் இருக்கா?"

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்லியிருக்கலாம்.

"ஏன் இல்லாம?" என்றார் அண்ணாச்சி. "ஒரு கை போட்டுக் கசாயமாக் குடிச்சிரு. வாடையே வராது."

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். நான் இருட்டோடு குழாயடிக்குப் போய்விட்டேன். மூன்றாவது குடம் நிறைகிறபோது இவர் வேனுக்குக் கிளம்பி என்னைத் தாண்டிப் போனார். சட்டையில் இல்லாத பொத்தானை விரலால் தேடித் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா வந்திருக்காக. காப்பி போட்டுக் குடு," என்றார்.

அவர் அப்பா இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. வேலை அவசரத்தில் நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். வேன் ஹாரன் அடித்தது, ஏறிப் போய்விட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனபோதுதான் அடுப்படியில் டம்ளரைப் பார்த்தேன். அடியில் வெந்த இலை அப்பிக் கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டுக் கடைசி வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணாச்சி பல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு, முதலில் சிரிக்கத்தான் பார்த்தார். "அளவாத்தான தாயி சொன்னேன்."

"எம்புட்டு அளவு சொன்னீக?"

"ஒரு கை."

"யாரு கை அண்ணாச்சி? உங்க கையா, அவுக கையா?"

அண்ணாச்சி தன் உள்ளங்கையைப் பார்த்தார். சின்னக் கை அது, பேனா பிடித்த கை. என் வீட்டுக்காரருடையது இரண்டு ஆள் கை. வாயிலிருந்த பற்பொடி நுரையைத் துப்பக்கூட இல்லை, விழுங்கிவிட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

வழியெல்லாம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செலுத்துற ரூம்லதான இருக்கான்?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அந்த வண்டியால் என்ன வேகம் முடியுமோ அதற்கும் மேலே ஓட்டினார். அந்த ரூமில் இவரோடு மூன்று பேர். பத்தடி தள்ளி அடுத்த ரூம். புத்தி கலங்கிய ஒரு ஆள் வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சத்தம் கேட்கிறதா, புகை தெரிகிறதா என்று நான் வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். "வாங்க அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஏலே, செலுத்துற ரூம்ல ஒருத்தன் பீடி கொண்டு போயிருக்கான். தீப்பெட்டியோட."

அப்புறம் நடந்ததை அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம், நடந்ததும் அரை நிமிஷத்தில்தான். மணி அடித்தது. ரூம் ரூமாக ஆட்கள் வெறுங்காலோடு வெளியே ஓடிவந்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு ஓடினார்கள். கடைசியாக இரண்டு பேர் என் வீட்டுக்காரரை அக்குளில் கைகொடுத்து இழுத்து வந்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் பின்னால் சொன்னார்கள். இல்லாத குழாய்க்குள் மருந்து செலுத்திக்கொண்டிருந்தாராம். விளையாடுகிறார் என்று இவர்கள் சிரித்திருக்கிறார்கள். தரையெல்லாம் மருந்து சிந்தியிருக்கிறது. எறும்பு ஏறுகிறது, எறும்பு ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து, அதன்மேல் காலைத் தூக்கியிருக்கிறார். காலால் தேய்த்தாலே பற்றிக்கொள்கிற மருந்து அது; தேய்ப்பதற்குள் மணி அடித்திருக்கிறது.

உடம்பைச் சோதித்தார்கள். பீடியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. "நான் தடவிப் பாத்துத்தான விட்டேன்," என்று வாட்ச்மேன் அழாத குறையாகச் சொன்னார். "எங்கனயாச்சும் எறிஞ்சிருப்பான்," என்றார் அண்ணாச்சி. இவர் கண்ணைப் பார்த்த யாரோ ஒருவர், "சாராயமும் உள்ள போயிருக்கு போல," என்றார். அண்ணாச்சி அதற்கும் இல்லை என்று சொல்லவில்லை. மேனேஜர் அந்த இடத்திலேயே இவர் பெயரை அடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். அண்ணாச்சி டாக்டரை ஓரமாகக் கூட்டிப்போய்க் காதோடு காதாகச் சொன்னார். அந்த ஒரு இடத்திலாவது உண்மை சொன்னார், இல்லாவிட்டால் நான் இன்றைக்கு வெள்ளைச் சேலைதான். இரண்டு நாள் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். இவர் காற்றிலிருந்து நூல் நூலாக எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது.

வராந்தாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளும் அங்கேதான் இருந்தார். அழுதது போதும் என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன்.

"பீடியே குடிக்காத மனுசன் மேல பழியைப் போட்டுட்டீகளே. உங்க பேரைக் காப்பாத்தத்தான?"

"கசாயம் குடிச்சிருக்கான்னு நான் அங்கன நின்னு கதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும் தாயி. பீடின்னா ஒரு வார்த்தை."

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாமே."

"பீடிக்காரன்னா ரெண்டு வருசத்துல மறந்துருவாக. கிறுக்கன்னு பேர் விழுந்தா உம் மகளைக் கட்ட ஒருத்தன் வரமாட்டான். யோசிச்சுக்கோ."

அதில் எவ்வளவு என் மகளுக்காக, எவ்வளவு அவர் கைராசிக்காக என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது. நான் யோசித்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

கதை நாரணாபுரத்திலிருந்து விருதுநகர் வரை போனது. எந்தக் கம்பெனி கேட்டிலும் இவரை நிற்கக்கூட விடவில்லை. பீடிக்காரன் என்பதே பெயராகிவிட்டது. மகளைப் பள்ளிக்கூடத்தில் பீடிக்காரன் மகள் என்றார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று கம்பெனி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, அத்தனை உயிரைக் காப்பாற்றியதற்காகப் பொன்னாடை போர்த்தியது. வேண்டாம் என்று சொன்னால் முதலாளி முகம் வாடிவிடுமே, போர்த்திக்கொண்டார். அங்கே கொடுத்த லட்டுப் பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நான் அதைத் தெருவில் எறியப் போனேன். என் வீட்டுக்காரர் வாங்கி, லட்டு என்ன பாவம் செய்தது என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அவர் அப்படித்தான். எனக்குத்தான் ஆறவில்லை.

கடைசியில் விருதுநகரில் ஒரு எண்ணெய்க் கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. சம்பளம் பாதிதான். நான் பிரஸ்ஸில் இரண்டு ஷிப்ட் பார்த்தேன். ஆனால் நாலைந்து மாதத்தில் இவருக்கு இளைப்பு குறைந்தது, ஒரு வருஷத்தில் இழுப்பே இல்லை. அலுமினியத் தூசியை விட்டு விலகினார், நெஞ்சு திறந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா?

அண்ணாச்சிக்கு வேண்டியிருந்தது. "மொத வீட்ல கேட்டுப் பாருங்க, அவனுக்கு எப்பேர்ப்பட்ட இளைப்பு, இப்ப எப்படி இருக்கான்னு," என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்களிடம் சொல்ல ஆரம்பித்தார். கசாயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை, புகையோடு நிறுத்திக்கொண்டார். கேட்டு வருகிறவர்களிடம், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நான் கதவைச் சாத்திக்கொள்வேன். அவரால் சொல்ல முடியாத வார்த்தை எனக்கு நன்றாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாரணாபுரத்திலிருந்து ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் புருஷனும் மருந்து செலுத்துகிறவன்தான்.

"உங்க வீட்டுக்காரருக்கு இந்த எலையிலதான் கொணமாச்சாமேக்கா?" என்றாள். "எங்காளுக்கு விடியக்காலம் மூச்சு விட முடியலை. சீசன் வேற. கேட்ல பொகை வாடை ஆகாது. கசாயமா வெச்சுக் குடுக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

கதவைச் சாத்த முடியவில்லை. அவளைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அண்ணாச்சி வேலிக்குள் உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே எல்லாவற்றையும் சொன்னேன். கசாயம், செத்துப்போன மாமனாருக்குக் காப்பி, எறும்பு, மணி, கட்டிப்போட்ட கட்டில், பீடி தொடாத மனுஷனுக்குப் பீடிக்காரன் பட்டம். அண்ணாச்சி தலை நிமிரவில்லை. களை தீர்ந்த இடத்திலும் விரல் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். "அப்ப எளைப்பு எப்படிக்கா போச்சு?"

"வேலையை விட்டாக. போச்சு."

"வேலையை விட்டாத்தான் போகுமா?"

"ஆமா."

"அதுக்கு இந்த எலையே பரவால்லக்கா," என்று சொல்லிவிட்டு வேலிப் பக்கம் போனாள். "அண்ணாச்சி, ஒரு கை எலை தாங்க. நான் பாத்து அளவாக் குடுத்துக்கிறேன்."

அண்ணாச்சி எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எலை இல்ல தாயி."

அவருக்குப் பின்னால் இடுப்பளவுக்குச் செடிகள் நின்றன. "அங்கன நிக்கிதே," என்றாள்.

"அது பூசைக்கு."

"நாலே நாலு எலை."

"இல்ல. போயிட்டு வா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "உம் புருசனுக்குக் கொணமானதும் அடுத்தவ வீட்டு வழியை அடைக்கிறியா? நீயும் இந்தாளும் சேந்துக்கிட்டுக் கதையா விடுறீக?" என்றாள். குனிந்து பாத்தியிலிருந்து ஒரு பிடி மண்ணை வாரி எங்கள் இரண்டு பேர் மேலும் தூற்றினாள். "நாரணாபுரம் குப்பமேட்டுல இல்லாத ஊமத்தையா," என்று சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று தெருவுக்குப் போய்விட்டாள்.

அண்ணாச்சிக்குக் கண்ணெல்லாம் மண். அப்படியே வேலியை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். தெருவில் டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள்.

"தாயி, பறிச்சிராத. அது வெசம்," என்று கத்தினார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நான் குடுத்த கசாயத்துலதான் அவன் புத்தி தடுமாறிச்சு. அவன் பீடி குடிக்கலை. நான்தான் பொய் சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

"பாத்தியாடா, அந்தப் பீடிக்காரனுக்கு ஒரு வேலை கெடைக்கட்டும்னு பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. எம்புட்டுப் பெரிய மனசு."

"அப்படி இல்ல," என்றார் அண்ணாச்சி. "நெசம்மா நான்தான்."

"விடுங்க அண்ணாச்சி, உங்களை எங்களுக்குத் தெரியாதா," என்றார் பெரியவர். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்கள்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணில் மண்ணோடு தண்ணீர் வழிந்தது. அன்றைக்கு அந்த முகத்தில் துளிப் பெருமை இல்லை என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் கும்பிட்டவர்கள் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், அவரும் திருப்பிக் கும்பிட்டார்.